கைகளும் மனிதரும்: மெக்சிக்கக் குடிவரவு பற்றிய விவாதம் – ஒரு விமர்சன நோக்கு

மெக்சிக்கோவிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த மக்களைப் பற்றிய விவாதம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலமாக ஓயாது நடைபெற்று வருகின்றது. கூலி குறைகின்றதா, வரிச்சுமை ஏறுகின்றதா, மொழி மாறுகின்றதா, சட்டம் சீர்குலைகின்றதா எனக் காலத்துக்குக் காலம் வினாக்கள் வேறுபட்டுள்ளன. ஆயினும், அவை யாவற்றுக்கும் அடியில் ஒரே பெருவினா இருந்து வந்துள்ளது. இம்மக்களின் வருகையால் அந்நாட்டுக்கு நேர்ந்தது நன்மையா, தீமையா என்பதே அது. அவ்வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வினா எழுப்பப்படும் முறையிலேயே சில எடுகோள்கள் மறைந்து கிடக்கின்றன. அவற்றை வெளிக்கொணர்ந்து, வரலாற்றின் முன்னும் ஆய்வு முடிவுகளின் முன்னும் அவை எவ்வளவுக்கு நிலைக்கின்றன என நோக்குவதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சியாகும்.

இவ்விவாதத்தில் எதிர்ப்பு நிலைக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் ஹார்வார்ட் பல்கலைக்கழக அரசறிவியற் பேராசிரியர் சாமுவேல் ஹன்ரிங்ரன். 2004 ஆம் ஆண்டில் முதலிற் சஞ்சிகைக் கட்டுரையாகவும், பின்னர் ‘நாம் யார்?’ என்ற பொருள்படும் தலைப்புடைய நூலாகவும் அவர் தம் வாதத்தை முன்வைத்தார். ஐக்கிய அமெரிக்காவின் உள்ளீடு ஆங்கிலோ–புரட்டஸ்தாந்துப் பண்பாடு என்பது அவரது அடிப்படைக் கருத்து. முன்னர் ஐரோப்பாவிலிருந்து வந்தோர் அப்பண்பாட்டிற் கரைந்தனர் என்றும், மெக்சிக்கர் அவ்வாறு கரையமாட்டார் என்றும் அவர் வாதிட்டார். அதற்கு ஆறு காரணங்களைக் காட்டினார். இரு நாடுகளும் நிலத்தொடர்பு உடையன. வருவோர் தொகை பெரிது. வருகையிற் பெரும்பகுதி சட்டத்துக்குப் புறம்பானது. வந்தோர் தென்மேற்குப் பகுதியிற் செறிந்து வாழ்கின்றனர். இவ்வருகை ஓய்வின்றித் தொடர்வது. அந்நிலத்தின்மீது மெக்சிக்கருக்கு வரலாற்று உரிமைக் கோரல் உண்டு. இவற்றின் விளைவாக நாடு இரு மொழிகளாகவும் இரு மக்களாகவும் பிளவுபடலாம் என்பது அவரது அச்சம்.

இக்கருத்தை வெறும் இனத்துவேஷம் எனக் கூறித் தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறு தள்ளியோர் பலர். எனினும், ஒரு கருத்தை அதன் மிக வலிமையான வடிவத்திற் சந்திப்பதே விமர்சனத்தின் கடமை. ஹன்ரிங்ரன் சுட்டிய ஆறனுள் நிலத்தொடர்பும் தொகைப் பெருக்கமும் மறுக்க முடியாத உண்மைகள். வறிய நாடொன்றும் செல்வம் மிக்க நாடொன்றும் ஏறக்குறைய 3,100 கிலோமீற்றர் நீளமான தரை எல்லையைப் பகிர்ந்துகொள்வது உலகில் அரிதாகவே காணப்படுவது. தன் எல்லைக்குள் யார் வரலாம் என விதிக்கும் உரிமை ஓர் அரசுக்கு உண்டென்பதையும் எவரும் மறுக்கார். பிழை, அவர் கண்ட உண்மைகளில் இருப்பதைவிட, அவ்வுண்மைகளின் தோற்றுவாயை அவர் ஆராயாது விட்டதிலேயே பெரிதும் இருக்கின்றது.

முதலாவதாக வரலாற்றை நோக்குவோம். ஆங்கிலத்தில் இவ்விவாதத்திற் பயிலும் தொடர் ‘விருந்தளிக்கும் நாடு’ என்ற பொருள்படுவது. வீட்டுக்குரியவர் ஒருவர், வாயிலில் வந்து நிற்கும் அந்நியர் ஒருவர் என்ற படிமம் அதனுள் அடங்கியுள்ளது. ஆனால் 1846 இல் தொடங்கிய யுத்தம் 1848 பெப்ரவரி 2 ஆம் நாள் குவாதலூப் ஹிதால்கோ உடன்படிக்கையுடன் முடிவுற்றபோது, முன்னரே பிரிந்துபோன ரெக்சாஸையும் சேர்த்து, மெக்சிக்கோ தன் நிலப்பரப்பிற் பாதிக்கு மேற்பட்டதை இழந்திருந்தது. இன்றைய கலிபோர்ணியா, நெவாடா, யூற்றா ஆகியனவும் அரிசோனா, நியூ மெக்சிக்கோ என்பவற்றின் பெரும்பகுதியும் அவ்வாறு கைமாறியவையே. ஈடாகக் கொடுக்கப்பட்டது ஒரு கோடியே ஐம்பது இலட்சம் டொலர். அந்நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த மெக்சிக்கர் எல்லையைக் கடந்தவரல்லர். எல்லையே அவர்களைக் கடந்து சென்றது. வரலாற்று உரிமைக் கோரலை ஓர் ஆபத்தாகக் காணும் ஹன்ரிங்ரன், அக்கோரல் எவ்வாறு தோன்றிற்று என்பதை வீட்டுக்குரியவரின் கதையோடு சேர்த்து எண்ணவில்லை.

அடுத்து, வந்தவர்கள் தாமாகவே வந்தார்களா என்பது. 1882 ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுத்தது. 1924 ஆம் ஆண்டுச் சட்டம் தென், கிழக்கு ஐரோப்பியருக்கு ஒதுக்கீட்டு எல்லை விதித்தது. ஆயினும் மெக்சிக்கோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோள நாடுகளை அவ்வெல்லைக்குள் அடக்கவில்லை. புகையிரதப் பாதைக்கும் பருத்தி வயலுக்கும் ஆள் வேண்டியிருந்தமையே காரணம். 1911 இல் அறிக்கை வெளியிட்ட டிலிங்ஹாம் ஆணைக்குழு, மெக்சிக்கர் பிரசையாக இருப்பதைவிடத் தொழிலாளியாக இருப்பதே விரும்பத்தக்கது எனவும், பெரும்பாலோர் தாயகம் திரும்பிவிடுவதால் அவர் நாட்டோடு இணையாமை பெரிய பிரச்சினையன்று எனவும் கருத்துத் தெரிவித்தது. பின்வந்த நூறாண்டுக் கொள்கையின் சாரம் முழுவதும் அக்கருத்தில் அடங்கியுள்ளதெனலாம். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை அருகியபோது இலட்சக்கணக்கானோர் மெக்சிக்கோவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் ஐக்கிய அமெரிக்காவிலேயே பிறந்த பிரசைகள் என்பது மனங்கொளத்தக்கது.

பத்தாண்டு கழிந்து யுத்தம் ஆள்பலத்தை உறிஞ்சியபோது அதே அரசு மீண்டும் மெக்சிக்கோவை நாடிற்று. 1942 இல் தொடங்கிய பிரசேரோத் திட்டம் 1964 இறுதிவரை நிலவியது. அக்காலத்தில் ஏறக்குறைய 46 இலட்சம் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. பிரசேரோ என்னும் ஸ்பானியச் சொல் கையைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்தது. வேண்டப்பட்டவை கைகளே என்பதைச் சொல்லே உணர்த்துகின்றது. கைக்குரிய மனிதருக்குக் குடும்பத்தோடு வாழும் உரிமையோ, முதலாளியை மாற்றும் உரிமையோ, நிலைத்து வதியும் உரிமையோ இருக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் அவர்தம் கூலியிற் பத்திலொரு பங்கு சேமிப்பு என்ற பெயரிற் பிடித்து வைக்கப்பட்டது. அப்பணம் பலருக்குக் கிடைக்கவேயில்லை. கலிபோர்ணிய வயல்களிற் குட்டைப்பிடி மண்வெட்டி வழக்கில் இருந்தது. அதைக் கையாள்வோர் நாள் முழுவதும் இடுப்பை வளைத்தே நிற்க வேண்டும். பலரின் முதுகெலும்பை நிரந்தரமாகக் கெடுத்த அக்கருவி அம்மாநிலத்தில் 1975 இலேயே தடைசெய்யப்பட்டது. ஒரு கையால் இவ்வாறு ஆள் சேர்த்துக்கொண்டே மறு கையால் 1954 இற் பெருந்தொகையானோரை வளைத்துப் பிடித்து நாடுகடத்தியதும் அதே அரசுதான்.

இப்பொழுது ஹன்ரிங்ரனின் மூன்றாவது காரணமாகிய சட்டவிரோதத்தை எடுத்துக்கொள்வோம். 1950களின் பிற்பகுதியில் ஆண்டொன்றுக்கு நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பந்த அடிப்படையிற் சட்டபூர்வமாக வந்து சென்றனர். 1964 இல் அவ்வழி மூடப்பட்டது. 1965 ஆம் ஆண்டுச் சட்டம் மேற்கு அரைக்கோள நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 120,000 என முதன்முறையாக எல்லை விதித்தது. 1976 இல் நாடொன்றுக்கு 20,000 என்ற எல்லையும் வந்தது. வயல்களுக்குத் தேவையான உழைப்பு குறையவில்லை; வருவோரும் மாறவில்லை; அதே ஊர்களிலிருந்து அதே வயல்களுக்கு அதே பருவத்தில் வந்தவர்களின் சட்டநிலை மட்டுமே மாறிற்று. சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் அவர்தம் சகாக்களும் நீண்டகாலக் களஆய்வுகளின் மூலம் நிறுவிய முடிவு இதுவாகும். அவர்கள் இன்னுமொன்றையும் காட்டினர். 1990களில் எல்லைக் காவல் இறுக்கப்பட்டது. 1994 இற் சான்டியேகோப் பகுதியிற் கடுங்காவல் தொடங்கியது. பாதைகள் அரிசோனாப் பாலைவனத்துக்குத் திரும்பின. ஆயிரக்கணக்கானோர் தாகத்தாலும் வெப்பத்தாலும் மாண்டனர். கடத்தல் தரகருக்குக் கொடுக்கும் கூலி ஏறிற்று. பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பிய ஆண்கள், மீண்டும் வரமுடியாமற் போகுமென அஞ்சி நிலைத்துத் தங்கினர். மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டனர். வெளியே நிறுத்தக் கட்டிய வேலி உள்ளே நிறுத்தும் வேலியாயிற்று.

இதே 1994 ஆம் ஆண்டின் முதல் நாளில் வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அரச மானியம் பெற்று விளைந்த அமெரிக்கச் சோளம் மெக்சிக்கச் சந்தையிற் குவிந்தது. சிறு கமக்காரர் பலர் நிலத்தில் நிலைக்க முடியாத நிலை தோன்றியது. பண்டங்களும் மூலதனமும் தடையின்றிக் கடக்கும் எல்லையை, அப்பண்டங்களால் வாழ்விழந்தவர் மட்டும் கடக்கலாகாது என்பதே ஏற்பாடு. அதே ஆண்டு நவம்பரிற் கலிபோர்ணிய வாக்காளர், ஆவணமற்றோரின் பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளிக்கூடத்தையும் பெரும்பாலான பொதுச் சேவைகளையும் மறுக்கும் 187 ஆம் இலக்கப் பிரேரணையைப் பெரும்பான்மையால் நிறைவேற்றினர். நீதிமன்றம் அதனைத் தடுத்தது.

இனிப் பொருளியல் வாதம். இங்குதான் குடிவரவை ஆதரிப்போரின் நிலையையும் விமர்சிக்க வேண்டியுள்ளது. 1980 இற் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 125,000 பேர் புளோரிடாவுக்கு வந்தனர். மயாமி நகரின் உழைப்பாளர் தொகை 7 வீதம் திடீரென உயர்ந்தது. அந்நிகழ்வை ஆராய்ந்த டேவிட் கார்ட், உள்ளூர்த் தொழிலாளரின் கூலி அதனாற் குறையவில்லை என 1990 இல் முடிவு கூறினார். தாமே கியூபாவிலிருந்து சிறுவயதில் வந்தவரான ஜோர்ஜ் போர்ஹாஸ், நாடு முழுவதையும் கணக்கிற் கொண்டு 2003 இல் மாறான முடிவை வெளியிட்டார். 1980 முதல் 2000 வரை நிகழ்ந்த குடிவரவு, உயர்நிலைப் பள்ளியை முடிக்காத உள்நாட்டுத் தொழிலாளரின் கூலியை ஏறக்குறைய 9 வீதத்தாற் குறைத்தது என்பது அவரது கணிப்பு. மரியேல் தரவுகளையும் அவர் பின்னர் மீளாய்வு செய்து கார்டின் முடிவை மறுத்தார். அம்மீளாய்வில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாதிரி மிகச் சிறிதென வேறு ஆய்வாளர் மறுத்தனர். தேசிய அறிவியற் கல்விக்கழகங்கள் 2016 இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, நீண்டகால நோக்கில் ஒட்டுமொத்தக் கூலியின் மீதான பாதிப்பு மிகச் சிறிது எனவும், பாதிப்பு உள்ளவிடத்து அது முன்னர் வந்த குடிவரவாளர் மீதும் கல்வி குறைந்த உள்நாட்டார் மீதுமே விழக்கூடும் எனவும் கூறிற்று. வரவுசெலவுக் கணக்கில் முதற்றலைமுறையினர் மாநில அரசுகளுக்குச் செலவாகின்றனர். அவர்தம் பிள்ளைகளோ நாட்டுக்கு மிகுதியாக வரி செலுத்தும் பிரிவினருள் அடங்குகின்றனர் என்பதும் அவ்வறிக்கையின் முடிபு.

இம்முடிவுகளிலிருந்து பெறப்படுவது யாது? நாட்டுக்கு நன்மை என்னும்போது எந்த வர்க்கத்துக்கு நன்மை என்ற வினா உடன் எழவேண்டும். சராசரியில் மறைந்துவிடும் இழப்பை ஏற்பவர் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளியே. வந்தவர்கள் பிறர் செய்ய விரும்பாத வேலைகளைச் செய்கின்றனர் என ஆதரவாளர் கூறும் பழகிப்போன வாதமும் ஆராயத்தக்கது. நற்கூலியும் நிழலும் குடிநீரும் உள்ள வேலையை எவரும் வெறுப்பதில்லை. அவ்வேலை வெறுக்கத்தக்க நிலையில் வைக்கப்பட்டிருப்பதற்கு, உரிமை கோர இயலாத ஒருவர் எப்போதும் கிடைக்கிறார் என்பதும் ஒரு காரணம். ஆகவே இவ்வாதம் பரிவுபோலத் தோன்றினும், இரண்டாந்தரத் தொழிலாளர் என்னும் நிலையை இயல்பானதென ஏற்றுக்கொள்வதாகவே முடிகின்றது. போலி எண்ணைக் காட்டி வேலைபெற்ற ஆவணமற்ற தொழிலாளி சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தன் கூலியிலிருந்து செலுத்துகிறான். முதுமையில் அதிலிருந்து ஒரு சதமும் பெறான்.

அவ்வாறாயின் வருவோரைத் தடுத்துவிட்டால் உள்நாட்டுத் தொழிலாளியின் கூலி உயருமா? வரலாறு இதற்கு ஒரு பரிசோதனையை நடத்திக் காட்டியுள்ளது. பிரசேரோத் திட்டத்தை முடித்தபோது அரசு கூறிய காரணமே உள்நாட்டு வயற்றொழிலாளரின் கூலி உயரும் என்பதுதான். மைக்கல் கிளெமன்ஸும் இரு சகாக்களும் அக்காலப் பதிவேடுகளைத் திரட்டி ஆராய்ந்து, 2018 இல் முடிவை வெளியிட்டனர். பிரசேரோக்கள் மிகுதியாக இருந்த மாநிலங்களிலும் அறவே இல்லாத மாநிலங்களிலும் கூலி ஏறக்குறைய ஒரே போக்கிலேயே சென்றது. முதலாளிகள் கூலியை உயர்த்தவில்லை. இயந்திரத்தை நாடினர், அல்லது பயிரை மாற்றினர். கலிபோர்ணியாவில் ஆலைக்குச் செல்லும் தக்காளியைக் கையால் ஆய்ந்த முறை 1960களின் முடிவுக்குள் ஏறக்குறைய மறைந்து, அறுவடை இயந்திரம் அவ்விடத்தைப் பிடித்தது. அக்காலத்திற் கூலியையும் வேலைநிலையையும் உண்மையாக உயர்த்தியது வேறொன்று. 1965 செப்டெம்பரில் டிலானோத் திராட்சைத் தோட்டங்களிற் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் மெக்சிக்கத் தொழிலாளர் இணைந்தனர். ஐந்தாண்டுப் போராட்டத்தின் பின் 1970 இல் தோட்ட உரிமையாளர் தொழிற்சங்கத்துடன் உடன்படிக்கை செய்தனர். வேலைநிறுத்தத்தை உடைக்க ஆவணமற்றோரை முதலாளிகள் கொண்டுவந்தபோது சீசர் சாவேஸின் சங்கம் அவர்களை எதிர்த்தமையும் மறைக்கத்தக்கதன்று. உரிமையுள்ள தொழிலாளியையும் உரிமையற்ற தொழிலாளியையும் ஒரே வயலில் நிறுத்துவதன் பயன் யாருக்குச் சேர்கின்றது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

பண்பாட்டு வாதத்துக்கு வருவோம். புதியவர் கரையமாட்டார் என்ற அச்சம் புதிதன்று. 1751 இற் பெஞ்சமின் பிராங்கிளின், பென்சில்வேனியாவிற் குடியேறிய ஜேர்மானியரைப் பற்றி இதே அச்சத்தை எழுதினார்; அவர்கள் ஆங்கிலேயராவதற்குப் பதிலாக ஆங்கிலேயரை ஜேர்மானியராக்கிவிடுவர் என அவர் கருதினார். மெக்சிக்கரைப் பொறுத்தவரை மொழிபற்றிய ஆய்வுகள் ஹன்ரிங்ரனுக்குத் துணைசெய்யவில்லை. தென் கலிபோர்ணியாவில் ரூபென் ரும்பாவுட், டக்ளஸ் மாசி முதலியோர் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மெக்சிக்க வழித்தோன்றல்களின் மூன்றாந் தலைமுறையில் ஸ்பானிய மொழியைச் சரளமாகப் பேசுவோர் சிறுபான்மையினரே. அஞ்சப்பட வேண்டியது எது என்று கேட்டால், ஆங்கிலத்தின் அழிவை விடப் பேரப்பிள்ளைகளின் நாவில் ஸ்பானிய மொழியின் அழிவையே கூறவேண்டும்.

ஆயினும் இதைக்கொண்டு யாவும் தாமாகவே சீராகிவிடும் என மகிழ்வோரும் தவறுகின்றனர். எட்வேட் தெல்லெஸ், வில்மா ஓர்திஸ் ஆகியோர் 2008 இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் மிக முக்கியமானது. 1965 இல் லொஸ் ஏஞ்செல்ஸிலும் சான் அன்ரோனியோவிலும் செவ்வி காணப்பட்ட குடும்பங்களை அவர்கள் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் தேடிக் கண்டு, பிள்ளைகளையும் செவ்வி கண்டனர். மொழியில் அனைவரும் ஆங்கிலமாகியிருந்தனர். கல்வியிலோ மூன்றாம் நான்காந் தலைமுறையினரின் முன்னேற்றம் தடைப்பட்டு நின்றது. இதற்குக் காரணத்தைப் பண்பாட்டிலன்றிப் பள்ளிக்கூடத்திலேயே தேடவேண்டும் என அவர்கள் கூறினர். கலிபோர்ணியாவின் ஒறேஞ் மாவட்டத்தில் மெக்சிக்கப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிக்கூடங்கள் நடத்தப்பட்டதை மென்டெஸ் வழக்கின் தீர்ப்பு 1946 இலும் மேன்முறையீட்டில் 1947 இலும் சட்டவிரோதமாக்கியது என்பதை நினைவு கூர்ந்தால், அக்கூற்றின் நியாயம் விளங்கும். பிரசையாகத் தேவையில்லை, தொழிலாளியாக இருந்தாற் போதும் என 1911 இற் கருதப்பட்டவரின் பேரர்களுக்குத் தரப்பட்ட கல்வியும் அக்கருத்துக்கு ஏற்றதாகவே இருந்தது.

ஓய்வின்றித் தொடரும் வருகை என்ற காரணத்தையும் காலம் மறுத்துவிட்டது. பியூ ஆய்வு நிலையத்தின் கணிப்பின்படி 2009 முதல் 2014 வரை ஏறக்குறைய பத்து இலட்சம் மெக்சிக்கர் தாயகம் திரும்ப, 8 இலட்சத்து 70 ஆயிரம் பேரே வந்தனர். மெக்சிக்கோவிற் பிறப்பு வீதம் வீழ்ந்தமையும், அமெரிக்காவிற் கட்டட வேலை சரிந்தமையும் மதிலினும் வலிய காரணங்களாயின. ஆயினும் விவாதம் தணியவில்லை. 2025 ஜூனில் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரின் வேலைத்தலங்களில் நடைபெற்ற கைதுகளும், அவற்றை எதிர்த்த ஆர்ப்பாட்டங்களின்மீது தேசியக் காவற்படை அனுப்பப்பட்டமையும், வருகை குறைந்த பின்னரும் அச்சம் குறையாதிருக்கலாம் என்பதைக் காட்டின. அன்று அஞ்சி ஒளித்தவர்களுட் பலர் இருபது முப்பது ஆண்டுகளாக அங்கு வாழ்ந்து, பிரசைகளான பிள்ளைகளைப் பெற்றவர்கள்.

புள்ளிவிபரங்கள் சொல்லாததைச் சொல்வது இலக்கியம். ரெக்சாஸ் மாநிலத்தின் கிறிஸ்ரல் சிற்றியில் 1935 இற் பிறந்து, பெற்றோருடன் பருவத்துக்குப் பருவம் வயல்தேடி அலைந்து, பிற்காலத்திற் பல்கலைக்கழகத் தலைமைப் பதவி வகித்த தொமாஸ் ரிவேரா, 1971 இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட நாவல் இவ்விவாதத்துக்கு இன்றியமையாத சான்றாகும். நிலம் விழுங்கவில்லை என்ற பொருள்படும் தலைப்புடைய அந்நாவலில், வெயிலிற் தாகந்தாளாது கால்நடைத் தொட்டியில் நீரருந்தும் சிறுவனை மிரட்ட மேலாள் துப்பாக்கியாற் சுடுகிறான். குறி தவறிச் சிறுவன் இறக்கிறான். மற்றோர் அத்தியாயத்தில், வடக்கே வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் லொறி அதிகாலையிற் பழுதடைந்து நிற்கின்றது. விடியும்வரை ஒவ்வொருவரும் போய்ச் சேர்ந்தபின் செய்யப்போவதை எண்ணுகின்றனர். ஒருவர் மட்டும், போய்ச் சேர்தல் என்பது ஒருபோதும் முடிவதில்லை என உணர்கிறார். ரிவேரா அந்நாட்டிலேயே பிறந்தவர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். ஆராய்ச்சியாளர் குடிவரவாளர் என்றும் பிரசை என்றும் பிரித்துக் கணக்கிடுவோரை, வயலும் லொறியும் அவ்வாறு பிரிக்கவில்லை.

தொடக்கத்திற் கூறிய வினாவுக்கு மீள்வோம். இம்மக்களால் நாட்டுக்கு நேர்ந்தது என்ன எனக் கேட்போர், நாட்டை முழுமை பெற்ற ஒரு வீடாகவும், விளைவுகளை வந்தவரின் இயல்பாகவும் கருதுகின்றனர். வரலாறோ, கூலி வீழ்ச்சியாயினும் சட்டவிரோதமாயினும் கல்வித் தேக்கமாயினும், அவை யாவும் உழைப்பை ஏற்று உழைப்பவரை ஏற்க மறுத்த ஒரு கொள்கையின் விளைவுகள் எனக் காட்டுகின்றது. எத்தனை பேர் வரலாம் என்பதை அந்நாட்டு மக்கள் தீர்மானிக்கட்டும். அது அவர்தம் உரிமை. ஆனால் வந்து உழைப்பவருக்கு, அருகில் நின்று உழைப்பவருக்குள்ள உரிமைகள் யாவும் உண்டு என்பது முதலில் ஏற்கப்பட வேண்டும். அதனை ஏற்காதவரை, தாழ்ந்த கூலியின் ஆதாயத்தைத் தோட்ட உரிமையாளர் எடுத்துக்கொள்ள, அதன் பழியை மட்டும் லொறியில் நிற்பவர் சுமந்துகொண்டே இருப்பர்.